பெர்லினிலிருந்து ஜெராம் வரை

வியாழக்கிழமை மாலை, இரவு நிகழ்ச்சிக்காகப் பாடல் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து அக்கா அழைத்தாள்.

"இவனை நாலு நாளைக்கு உன்னோட வச்சிக்கிறியா? என்னால முடியல."

"என்னாச்சுக்கா?"

"ஸ்கூல்ல சஸ்பெண்ட். ஒரு வாரம்."

அக்கா மகனுக்கு 15 வயது, படிவம் 3. கட்டொழுங்கு ஆசிரியரைக் கொம்பு முளைத்த எருமையாக நோட்டுப் புத்தகத்தில் வரைந்திருக்கிறான். பக்கத்தில் இருந்தவன் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட, அது ஆசிரியரின் கைப்பேசிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. விசாரித்தபோது, கடந்த மாதத்தில் ஐந்து நாள் அவன் பள்ளிக்கே போகாமல் பொந்தேங் அடித்ததும் வெளியே வந்தது. அத்தான் துறைமுகத்தில் இரவு வேலை. அக்கா ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கர். பகலில் பையனை வீட்டில் தனியாக விட அவளுக்குப் பயம்.

மறுநாள் மாலை ஒரு பையோடு பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தான். "சாப்பிட்டியா?" என்றால் "ம்". "தூக்கம் வருதா?" என்றால் "இல்ல". வானொலியில் ஒரு நொடி மௌனம் விழுந்தாலே எனக்கு வியர்த்துவிடும். இவனோ அரை மணி நேரம் மௌனமாக இருந்தான். அறிவுரை சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் செய்வதையே நானும் செய்தேன். படம் போட்டேன்.

நான் போட்டது ஒரு ஜெர்மன் படம். பெயர் 'ட்ஷிக்'. ஆங்கிலத்தில் 'குட்பை பெர்லின்' என்று வந்தது. 2016-ல் ஃபாத்தி அக்கின் இயக்கியது. துருக்கியப் பெற்றோருக்கு ஹாம்பர்க்கில் பிறந்தவர் அவர். வோல்ஃப்காங் ஹெர்ன்டோர்ஃப் என்பவர் 2010-ல் எழுதிய நாவல்தான் கதைக்கு மூலம். இளையோர் முதல் தாத்தா பாட்டிகள்வரை ஜெர்மனியில் பலரும் படித்த நாவல் அது. மூளைக் கட்டியால் அவதிப்பட்ட ஹெர்ன்டோர்ஃப் 2013-ல் மறைந்துவிட்டார். படத்தை அவர் பார்க்கவில்லை.

கதை எளியது. மைக் என்ற 14 வயது பையன். பெரிய வீடு, நீச்சல் குளம், காசுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அம்மா குடிக்கு அடிமை, அப்பாவுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு. அம்மா மறுவாழ்வு மையத்துக்குப் போன கதையை மைக் கட்டுரையாக எழுதி வகுப்பில் வாசிக்கிறான். உண்மையைத்தானே எழுதினான் என்று யாரும் பார்க்கவில்லை. ஆசிரியர் கோபிக்கிறார், பிள்ளைகள் அவனுக்கு 'சைக்கோ' என்று பட்டம் சூட்டுகிறார்கள்.

அதே வகுப்புக்குப் புதிதாக ஒருவன் வருகிறான். ரஷ்யாவிலிருந்து குடியேறியவன். பேர் வாயில் நுழையாததால் எல்லாருக்கும் அவன் 'ட்ஷிக்'. முதல் நாளே குடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறான். அவனோடு பேச யாருக்கும் விருப்பமில்லை. வகுப்பின் அழகியான தத்தியானா பிறந்தநாள் விருந்து வைக்கிறாள். அனைவருக்கும் அழைப்பு உண்டு, இந்த இருவரைப் போன்ற சிலருக்கு மட்டும் இல்லை.

விடுமுறை தொடங்குகிறது. அம்மா மறுபடியும் சிகிச்சைக்குப் போகிறார். அப்பா 'வேலை விஷயமாக' அந்தப் பெண்ணோடு கிளம்பிவிடுகிறார். தனியாக இருக்கும் மைக்கின் வீட்டு வாசலில் ட்ஷிக் வந்து நிற்கிறான், திருடிய ஒரு பழைய ரஷ்ய லாடா நிவா காடியோடு. "என் தாத்தா வலாக்கியாவில் இருக்கிறார், போவோமா?" வலாக்கியா என்பது ருமேனியாவில் உள்ள ஒரு பகுதி. ஆனால் ஜெர்மானியர் பேச்சில் அந்தச் சொல்லுக்கு 'எங்கோ ஓர் அத்துவானக் காடு' என்றும் பொருள். அப்படி ஓர் ஊர் உண்டா என்று மைக்குக்கே சந்தேகம். இருந்தும் வண்டியில் ஏறுகிறான்.

அதற்குப் பிறகு படம் முழுக்கச் சாலைதான். கையில் வரைபடம் கிடையாது. காடியில் கிடைத்த ஒரே ஒலிநாடாவில் ரிச்சர்ட் கிளேடர்மேனின் பியானோ. சோளக் காட்டுக்குள் வண்டியை விட்டுத் துவம்சம் செய்கிறார்கள். பெட்ரோல் தீர்ந்துபோய்க் குப்பைமேட்டில் குழாய் தேடும்போது ஈஸா என்ற பெண் அறிமுகமாகிறாள். அழுக்குச் சட்டை, வாய் நிறைய வசவு, ஆனால் காரியக்காரி. யார், எவர் என்று துருவாமல் உட்கார வைத்துச் சாப்பாடு போடும் ஒரு கிராமத்துக் குடும்பமும் வருகிறது.

நாவலில் வரும் ஒரு கருத்து எனக்கு ரொம்பப் பிடிக்கும். உலகம் கெட்டது, மனிதர்களில் 99 விழுக்காட்டினர் கெட்டவர்கள் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் மைக். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு வழியெங்கும் அவன் சந்திப்பது அந்த மீதி 1 விழுக்காட்டினரைத்தான்.

படம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். பாடம் நடத்தவில்லை, அழுது வடியவில்லை. 'இளைஞர் பிரச்சினை' என்று பெயர் சூட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு பையன்களும் செய்வது தவறுதான். அந்தத் தவறுக்கு விலையும் கொடுக்கிறார்கள். இடையில் நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிடுகிறார்கள். அக்கா மகன் மூன்று இடங்களில் வாய்விட்டுச் சிரித்தான். எண்ணினேன்.

படம் முடிந்ததும் அவனாகப் பேசிய முதல் வாக்கியம் இது:

"சித்தி, இதையே நம்ம பையனுங்க செஞ்சிருந்தா படத்துக்கு என்ன பேரு வச்சிருப்பாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வந்தது. "ஏற்கெனவே வச்சிட்டாங்கடா. ஜகாட்."

அவன் பார்த்ததில்லை. படம் வந்தபோது அவன் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையிலேயே போட்டேன். வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இளையவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு.

ஷான்ஜே குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015 டிசம்பரில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. மலாயில் 'ஜாஹாட்' என்றால் கெட்டது, பொல்லாதது. அந்தச் சொல் நம் தோட்டத்து நாக்கில் புரண்டு 'ஜகாட்' ஆகிவிட்டது. பையன் துறுதுறுவென்று இருந்தால் போதும், "ஜகாட்டு பய" என்று பாட்டிமார் திட்டுவார்கள். அதில் பாதி கோபம், பாதி கொஞ்சல்.

கதை 1990-களின் தொடக்கத்தில் நடக்கிறது. ரப்பர் தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, லயத்து வீடுகளிலிருந்து நம்மவர்கள் பட்டணத்து ஓரப் புறம்போக்குக் குடிசைகளுக்கு வந்து சேர்ந்த காலம். அப்போய் என்ற 12 வயது சிறுவன். கற்பனை வளமும் குறும்பும் உள்ளவன். படித்தால்தான் விடிவு என்று நம்பி அடித்து வளர்க்கும் அப்பா மணியம். குண்டர் கும்பலில் இருக்கும் ஒரு சித்தப்பா. போதைப் பழக்கத்திலிருந்து மீளப் போராடும் இன்னொரு சித்தப்பா. பையனின் கற்பனையைப் பள்ளி ரசிக்கவில்லை. அவனை அப்படியே ஏற்றுக்கொள்வதாகத் தெரிவது அந்தக் கும்பல் உலகம் மட்டும்தான். முடிவை நான் சொல்லப் போவதில்லை.

இந்தப் படத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 2016-ல் நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழி அல்லாத படங்களுக்கென்று தனிப் பிரிவு ஒதுக்கி 'ஜகாட்'டையும் அதில் வைத்தார்கள். இந்நாட்டில், இந்நாட்டுக் கலைஞர்கள், இந்நாட்டுக் கதையை எடுத்த படம் எப்படி வேறு வரிசையில் நிற்கும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மூத்த ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம், தாம் முன்பு வென்ற விருதுகளையே திருப்பிக் கொடுத்தார். கடைசியில் பிரிவுகள் மாற்றப்பட்டு, 'சிறந்த மலேசியத் திரைப்படம்' என்ற விருது 'ஜகாட்'டுக்கே கிடைத்தது. வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனைப் பற்றிய படம் தானும் அப்படி நின்றுதான் உள்ளே வந்தது.

படம் முடிந்தபோது இவன் சிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "அந்த ஜெர்மன் பையனுங்களுக்குக் காடி இருந்திச்சு. இவனுக்கு ஒன்னும் இல்ல" என்றான்.

15 வயதில் சொன்ன விமர்சனம். நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மைக்கும் ட்ஷிக்கும் ஓடிப்போவது ஒரு விளையாட்டு. திரும்பி வர வீடு உண்டு, வழக்கு நடத்த வழக்கறிஞர் உண்டு. குறைந்தபட்சம் மைக்குக்காவது உண்டு. 'பயணப் படம்' என்ற வகையே திரும்பி வர இடம் உள்ளவர்களுக்கானதோ என்றுகூடத் தோன்றியது. அப்போயின் கதையில் சாலை இருக்கிறது, ஆனால் அது அவனை எங்கும் கூட்டிப்போவதில்லை.

நம் படங்களில் சாலையே இல்லாமல் இல்லை. 2005-ல் தீபக் குமாரன் மேனன் எடுத்த படத்தின் பெயரே 'செம்மண் சாலை'. தோட்டத்தில் பிறந்த சாந்தா பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் கதை. அந்தச் செம்மண் சாலை உல்லாசப் பயணத்துக்கானதல்ல, தோட்டத்தை விட்டு வெளியேறும் ஒரே வழி. அவரே 2007-ல் 'சலங்கை' எடுத்தார். இதோ, என் வீட்டுச் சன்னலுக்குக் கீழே விரியும் இந்தப் பிரிக்பீல்ட்ஸ்தான் களம். பரதம் கற்க ஏங்கும் சிறுமியும் பூ விற்கும் தாயும் அதில் வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2010-ல் வந்த மிஷ்கினின் 'நந்தலாலா'வும் பயணப் படம்தான். டக்கேஷி கிட்டானோவின் ஜப்பானியப் படமான 'கிகுஜிரோ'வின் சாயலில் எடுத்தது. அம்மாவைத் தேடிப் போகும் இருவர். சிறுவனுக்கு அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுக்க ஆசை. மனநலக் காப்பகத்திலிருந்து தப்பி வந்த பெரியவனுக்கு, தன்னை விட்டுப்போன அம்மாவை அறைய ஆசை. அவர்களுக்கும் சொந்த வண்டி கிடையாது. நடந்தும், கிடைத்த வண்டியில் தொற்றியும் போகிறார்கள். இளையராஜாவின் இசை மட்டும் கூடவே வருகிறது. நம் ஆள்கள் கிளம்பினால் பெரும்பாலும் யாரையாவது தேடித்தான் கிளம்புகிறார்கள். சும்மா சுற்றிப் பார்க்க நமக்கு நேரம் இருந்ததில்லை போலும்.

"சரி, நம்மகிட்ட காடி இருக்கு. போவமா?" என்றேன்.

"எங்க?"

"வலாக்கியாவுக்கு."

முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினோம். விதிகள் இரண்டு. கைப்பேசிகள் இரண்டும் டேஷ்போர்டுக்குள் போய்விட வேண்டும். முச்சந்தி வந்தால் எந்தப் பக்கம் என்று அவன்தான் சொல்ல வேண்டும். ஓட்டுவது நான் மட்டுமே. 'சித்தி, ஒரே ஒரு தடவை' என்று கெஞ்சினான். 17 வயதாகட்டும், உரிமம் எடுக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். படம் வேறு, கூட்டரசு நெடுஞ்சாலை வேறு.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு கடையில் தோசையும் தே தாரேக்கும். அதன் பிறகு அவன் "நேரா" என்றான். நேராகப் போனால் காப்பார். அதையும் தாண்டினால் ஜெராம், கோல சிலாங்கூர். பழைய 5-ஆம் எண் கூட்டரசுச் சாலை. ஒரு பக்கம் தொழிற்சாலைகள், பிறகு கடைவீடுகள், பிறகு செம்பனை, செம்பனை, செம்பனை.

அந்தப் பக்கம்தான் என் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டம். அவனுக்குக் கொள்ளுத்தாத்தா. நான் அங்கே கடைசியாகப் போனபோது எனக்கு ஏழு வயது இருக்கும். வழி நினைவில்லை. கைப்பேசி டேஷ்போர்டுக்குள். ஜெராமுக்கு அருகே அவன் "வலது" என்றான், திரும்பினேன். இன்னொரு "வலது", ஒரு "இடது". பத்து நிமிடத்தில் செம்பனைக் காட்டுக்குள் தார்ச்சாலை முடிந்து மண் சாலை வந்துவிட்டது. சோளக் காட்டுக்குள் லாடா ஓட்டுவது பார்க்கத்தான் நன்றாக இருக்கிறது. என் சிறிய மைவி அந்தக் குழிகளில் அழுதது.

எதிரே மோட்டார் சைக்கிளில் ஒரு பெரியவர். குலை அறுக்கும் நீளக் கம்பு பின்னால் துருத்திக்கொண்டிருந்தது. நிறுத்திக் கேட்டேன்.

"ஐயா, பழைய லயம் எந்தப் பக்கம்?"

"லயமெல்லாம் எங்க இருக்கு ஆயா? இடிச்சு எத்தன வருசம் ஆச்சு. கோயிலு மட்டும்தான் நிக்கிது. நீங்க யாரு வூட்டுப் புள்ள?"

தாத்தாவின் பெயரைச் சொன்னேன். பெரியவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். அவருக்குத் தாத்தாவைத் தெரிந்திருந்தது. கோயில் வரை வண்டியில் முன்னால் போய் வழிகாட்டினார். ஆலமரத்தடியில் சின்ன மாரியம்மன் கோயில், வெளியே அரிவாளோடு முனியாண்டி. சுற்றிலும் செம்பனை. வீடு இருந்த இடம், பள்ளி இருந்த இடம், பால் நிறுத்த இடம் எல்லாவற்றையும் வெறும் மரங்களுக்கு நடுவே அவர் விரல் நீட்டிக் காட்டினார்.

"இவரு தாத்தாவப் பத்தி ஒன்னு சொல்லவா?" என்று பையனைப் பார்த்துக் கேட்டார். "சின்ன வயசுல பொல்லாத ஆளு. எம்ஜியார் படம் வந்திச்சுன்னா வேலைக்குப் போவாம சைக்கிள எடுத்துக்கிட்டு கிள்ளானுக்கு ஓடிருவாரு. பதினஞ்சு, இருவது மைலு. படம் பாத்துட்டு ராத்திரியோட ராத்திரியா மிதிச்சுத் திரும்பி வந்து, காலையில கிராணிகிட்ட ஏச்சு வாங்குவாரு. ஆனா வந்ததும் லயத்துல எல்லாரையும் ஒக்கார வச்சுக் கதைய அப்படியே நடிச்சுக் காட்டுவாரு. சண்டை, பாட்டு எல்லாம். நாங்கெல்லாம் கொட்டாய்க்குப் போனதேயில்ல. அவரு வாயாலதான் படமே பாத்தோம்."

இந்தக் கதை எனக்கே புதிது. எங்கள் வீட்டில் தாத்தா என்றால் நெற்றியில் திருநீறு, கையில் பிரம்பு, வாயில் "படி, படி". அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

"அப்ப கொள்ளுத்தாத்தாவும் பொந்தேங்தானா?" என்றான் பையன்.

பெரியவர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காகங்கள் பறந்தன.

அவர் போன பிறகு பையன் பையிலிருந்து ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்து, கோயில் படியில் உட்கார்ந்து முனியாண்டியை வரையத் தொடங்கினான். கணக்குப் புத்தகத்தில் ஏன் வரைகிறாய், படம் வரையும் புத்தகம் எங்கே என்று கேட்டேன். தலை நிமிராமலே சொன்னான்.

"அது இல்ல சித்தி. கிழிச்சிட்டாங்க."

"யாரு?"

"ஸ்கூல்ல. எல்லார் முன்னுக்கும். எருமை படம் ஒரு பக்கம்தான். அதுல மத்ததெல்லாம் வேற. அம்மா தூங்குறப்ப வரைஞ்சது இருந்திச்சு. அப்பா நைட் ஷிப்ட் முடிஞ்சு பூட்ஸ் கழட்டுறது இருந்திச்சு. எல்லாத்தையும் சேத்து."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னா அழுவாங்க. ஏற்கெனவே அழுதுட்டுதான் இருக்காங்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வானொலியில் ஆறுதல் சொல்ல எனக்கு ஆயிரம் வாக்கியம் தெரியும். அந்தப் படிக்கட்டில் ஒன்றுகூட வரவில்லை. பேசாமல் அவன் வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வேறொரு பையன் நினைவுக்கு வந்தான்.

படிவம் 2-ல் என் வகுப்பில் கடைசி மேசைக்காரன். அவனுக்கு எந்த அறிவிப்பாளரின் குரலும் வரும். செய்தி வாசிப்பான், விளம்பரம் சொல்வான், நேயர் விருப்பம் நடத்துவான். ஆசிரியர் வர ஐந்து நிமிடம் தாமதமானால் எங்கள் வகுப்பில் வானொலி நிலையம் திறந்துவிடும். நான் வகுப்புத் தலைவி. பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுத வேண்டியது என் வேலை. தினமும் முதல் பெயர் அவனுடையது. அவன் நிகழ்ச்சியை ரசித்துச் சிரித்துவிட்டுத்தான் எழுதுவேன். பெயருக்கு நேரே பிரம்படி. ஒருநாள் சபைகூடலில் எல்லார் முன்னும் அடி வாங்கினான். படிவம் 3 முடியவில்லை, பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் ஒரு மம்மாக் கடையில் அவனைப் பார்த்தேன். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஜொகூர் வரை டிரெய்லர் லோரி ஓட்டுகிறான். நன்றாக இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். "ராத்திரி உன் நிகழ்ச்சி கேட்டுக்கிட்டேதான் ஓட்டுவேன்" என்றான். பிறகு என் குரலிலேயே என் நிகழ்ச்சியின் தொடக்க வரியைச் சொல்லிக் காட்டினான். அச்சு அசல் நான். சிரித்துவிட்டு, "பேர் எழுதுனியே, ஞாபகம் இருக்கா?" என்றான். அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

'ட்ஷிக்' படத்தின் முடிவில் ஒரு காட்சி. நீதிமன்றம் போகுமுன் மைக்கின் அப்பா மகனிடம், எல்லாப் பழியையும் ட்ஷிக் மேல் போடு, நீ தப்பித்துக்கொள்வாய் என்கிறார். மறுத்ததற்கு அடியும் விழுகிறது. ஆனாலும் மைக் நீதிமன்றத்தில் நடந்ததை நடந்தபடி சொல்கிறான், நானும்தான் ஓட்டினேன் என்று. 14 வயதில் அவன் பெரிய மனிதனாவது காடி ஓட்டியதால் அல்ல. நண்பனின் பெயரை மட்டும் பலகையில் எழுத மறுத்ததால். 14 வயதில் நான் எழுதினேன்.

மாலையில் கோல சிலாங்கூர் போய், புக்கிட் மெலாவாத்தி குன்றில் குரங்குகளுக்கு நடுவே நின்று கடலைப் பார்த்தோம். "வலாக்கியா வந்திருச்சு" என்றான். திரும்பும் வழியில் கிள்ளானில் அக்கா வீட்டுக்கே நேராகப் போனோம். அவன் மேலே குளிக்கப் போன நேரத்தில் அக்காவிடம் கிழிந்த புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் பயந்ததுபோலவே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னைய வரைஞ்சானா?" என்று கேட்டாள். இரண்டு முறை கேட்டாள்.

இடைநீக்கம் முடிந்த திங்கட்கிழமை அக்காவும் அத்தானும் பள்ளிக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். பையன் எருமைப் படத்துக்காக ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டான். கேட்கத்தான் வேண்டும், ஒரு மனிதரை அவமானப்படுத்திய படம் அது. அக்கா குரலை உயர்த்தாமல், மகன் இனி பொந்தேங் அடிக்காமல் இருக்கத் தான் பொறுப்பு என்றாள். கூடவே, அந்தப் புத்தகத்தில் இருந்த மற்றப் படங்களைப் பற்றியும் சொன்னாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. புத்தகத்துக்காக எவரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஆனால் வெளியே வரும்போது, மூலையில் உட்கார்ந்திருந்த ஓவிய ஆசிரியை எழுந்து வந்து, அடுத்த தடவை வரைவதைத் தன்னிடம் கொண்டுவந்து காட்டச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. இதை எழுதும் இன்றுவரை மூன்று வாரமாகப் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான். நாளை என்ன என்று எனக்குத் தெரியாது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். 'ட்ஷிக்' படத்தில் குடி உண்டு, திருட்டு உண்டு. 'ஜகாட்'டில் வன்முறையும் வசவும் உண்டு. பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் கருத்துச் சொல்ல அவசரப்படாதீர்கள், அவர்களுடைய முதல் வாக்கியத்துக்குக் காத்திருங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை அவர்கள் சொல்லும் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். பெட்ரோல் செலவு எனக்கு 40 வெள்ளியைத் தாண்டவில்லை. மைவிக்குத்தான் ஒரு சக்கரம் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் அவனுக்குப் புதிய படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் செம்பனைக் காட்டுக்குள் ஒரு நீல நிற லாடா. ஓட்டுகிறவர் திருநீறு பூசிய கிழவர், பக்கத்தில் எம்.ஜி.ஆர் தொப்பியோடு ஒரு பையன். பின்னால் மோட்டார் சைக்கிளில் நீளக் கம்போடு ஒருவர் துரத்துகிறார். நான் எங்கே என்று கேட்டேன்.

"நீங்க ரேடியோவுல இருக்கீங்க சித்தி" என்றான்.

நேயர்களே, உங்கள் வீட்டுத் தாத்தா எந்த ஊருக்கு ஓடிப்போனார் என்று விசாரித்து வையுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.